மெய்ப்பாடும் எச்சமும்: ராபர்ட் பிரெஸ்ஸோன் திரைப்படங்களின் தரவரிசை, அரையர் சேவையை முன்வைத்து ஒரு மதிப்பீடு

ஆய்வுச் சுருக்கம்

பிரெஞ்சு இயக்குநர் ராபர்ட் பிரெஸ்ஸோன் (1901–1999) 1943 முதல் 1983 வரை பதின்மூன்று முழுநீளத் திரைப்படங்களை இயக்கினார். நடிப்பு, இசை, கதைத் திருப்பம் ஆகியவற்றை இயன்றவரை குறைத்துக்கொண்ட அவருடைய முறை 'உணர்ச்சியற்றது' என்னும் குற்றச்சாட்டுக்கு நெடுங்காலமாக உள்ளாகிவருகிறது. அம்முறையில் உணர்ச்சி இல்லாமற் போகவில்லை. அதன் இடமே மாறியிருக்கிறது என்பது இக்கட்டுரையின் கருதுகோள். தொல்காப்பியம் கூறும் மெய்ப்பாடு, எச்சம் ஆகிய கருத்துகளும், ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோயிலில் இன்றும் வழங்கிவரும் அரையர் சேவையின் நிகழ்த்துமுறையும் இதற்கு அளவுகோல்களாகக் கொள்ளப்படுகின்றன. அவ்வளவுகோல்களின்படி பதின்மூன்று படங்களும் வரிசைப்படுத்தப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: மெய்ப்பாடு, எச்சம், அரையர் சேவை, முத்துக்குறி, பிரெஸ்ஸோன், தரவரிசை.

1. முன்னுரை

ஓர் இயக்குநரின் படங்களை வரிசைப்படுத்துதல் பெரும்பாலும் சுவை வேறுபாட்டின் வெளிப்பாடாகவே நின்றுவிடுகிறது. பிரித்தானியத் திரைப்பட இதழான 'சைட் அண்ட் சவுண்ட்' பத்தாண்டுகளுக்கு ஒருமுறை நடத்தும் திறனாய்வாளர் வாக்கெடுப்பில், பிரெஸ்ஸோனின் 'ஓ அசார் பல்தசார்' 2012இல் 16ஆம் இடத்தையும் 2022இல் 25ஆம் இடத்தையும் பெற்றது. ஒரே படம் பத்தாண்டுகளில் ஒன்பது இடம் இறங்கியமைக்குக் காரணம் படத்தில் இல்லை. வாக்களித்தோரின் தொகுதியிலும் காலத்தின் விருப்பத்திலுமே உள்ளது. அளவுகோல் இன்னதென்று வெளிப்படையாகக் கூறப்படும்போதுதான் தரவரிசை திறனாய்வாகிறது.

பிரெஸ்ஸோனைப் பற்றிய உலகளாவிய திறனாய்வில் இரு நூற்பார்வைகள் முதன்மை பெற்றுள்ளன. சூசன் சொண்டாக் 1964இல் எழுதிய கட்டுரை அவருடைய நடையை ஆன்மிக நடை என வரையறுத்தது. பால் ஷ்ரேடர் 1972இல் வெளியிட்ட நூல் ஓசு, பிரெஸ்ஸோன், டிரையர் மூவரையும் 'கடந்தநிலை நடை' என்னும் ஒரே வகைமைக்குள் வைத்தது. இரண்டும் கிறித்தவ இறையியல் சொற்களைப் பெரிதும் சார்ந்தவை. அச்சொற்களுக்கு வெளியே நின்று இப்படங்களை அளக்கத் தமிழ்க் கவிதையியல் இடம் தருகிறதா என்னும் வினா இதுகாறும் போதிய அளவு எழுப்பப்படவில்லை. இவ்வினா பிரெஸ்ஸோனோடு முடிவதன்று. நடிகரின் முகத்தில் தோன்றும் உணர்ச்சியின் அளவே படத்தின் உணர்ச்சி அளவு என்று கொள்ளும் வழக்கம் தமிழ்த் திரைப்படத் திறனாய்வில் வலுவாக உள்ளது. அவ்வழக்கத்தைத் தமிழ் மரபே ஏற்கிறதா என்பதும் இதனோடு சேர்ந்த வினாவாகும்.

2. அளவுகோல்: காண்போரிடத்து மெய்ப்பாடு

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு மெய்ப்பாடுகளைக் கூறுகிறது. அவ்வியலின் பழைய உரைகள் சுவைக்கப்படும் பொருள், அதனால் எழும் உணர்வு, மனத்துத் தோன்றும் குறிப்பு, உடலில் வெளிப்படும் விறல் என நால்வகையாக இதனைப் பகுத்து ஆராய்கின்றன. அவ்வாராய்ச்சியில் எழுந்த ஒரு தடை இக்கட்டுரைக்கு அடிப்படையாகிறது. புலியைக் கண்டு அஞ்சி ஓடிவரும் ஒருவனைக் காண்பவனுக்கு அச்சம் பிறப்பதில்லை; நகையோ இரக்கமோதான் பிறக்கும் என்பதே அத்தடை. மேடையில் உள்ளவனின் உணர்ச்சியும் அவையில் உள்ளவனின் உணர்ச்சியும் ஒன்றல்ல என்பதைத் தமிழ் உரைமரபு தெளிவாக உணர்ந்திருந்தது.

இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது செய்யுளியல் கூறும் 'எச்சம்' என்னும் உறுப்பு. செய்யுளில் கூறப்படாது நின்று, சொல்லாலோ குறிப்பாலோ நிறைவு பெறுவது எச்சம். செய்யுள் உறுப்புகள் முப்பத்துநான்கனுள் ஒன்றாக இது எண்ணப்பட்டுள்ளது. ஆகவே கூறாமை என்பது குறையாகக் கருதப்படவில்லை, உறுப்பாகவே கருதப்பட்டது.

இவ்விரு கருத்துகளிலிருந்து மூன்று வினாக்கள் பெறப்படுகின்றன. நிகழ்த்துவோர் உணர்ச்சியைத் தாமே செலவிட்டுவிடாமல் சொல்லையும் செயலையும் மட்டும் அளிக்கின்றனரா? காட்சி, குரல், ஓசை ஆகியவை ஒன்றையொன்று மீளக் கூறாமல் ஒன்றன் எச்சத்தை மற்றொன்று நிரப்புகின்றனவா? இறுதி நிறைவு காண்போர் மனத்தில் நிகழ்கிறதா? இம்மூன்றுக்கும் ஒரு படம் தரும் விடையைக் கொண்டே அதன் இடம் இங்கு முடிவு செய்யப்படுகிறது.

3. அரையர் சேவை: வாழும் சான்று

நூற்கருத்தாக மட்டுமின்றி நிகழ்கலையாகவும் இம்முறை தமிழகத்தில் வழங்கிவருகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் அருகருகே அமைந்த ஸ்ரீவில்லிபுத்தூரும் ராஜபாளையமும் இரு வேறு வாழ்முறைகளின் ஊர்கள். முன்னது பெரியாழ்வார், ஆண்டாள் இருவருக்கும் உரிய கோயிலூர். பின்னது நூற்பாலைகளால் வளர்ந்த தொழிலூர். பிரெஸ்ஸோனை அறிவதற்கு இவ்விரண்டும் வெவ்வேறு வகையில் பயன்படுகின்றன.

திவ்வியப் பிரபந்தத்தை இசையோடும் அபிநயத்தோடும் இறைவன் திருமுன் நிகழ்த்தும் அரையர் சேவையை நாதமுனிகள் தொடங்கிவைத்தார் என்பது வைணவ மரபு. திருவரங்கம், ஸ்ரீவில்லிபுத்தூர், ஆழ்வார்திருநகரி, கருநாடகத்து மேல்கோட்டை ஆகிய இடங்களில் அது இன்று வழங்குகிறது. கூம்பிய உயர்ந்த குல்லாயும் கையில் தாளமுமே அரையரின் அடையாளங்கள். தாளமன்றி வேறு பக்கக்கருவி இல்லை. திரையும் மேடை அமைப்பும் ஒளியமைப்பும் இல்லை. பாசுரம் இசைக்கப்படும், பின் அதற்கு அபிநயம் நிகழும், பின் 'தம்பிரான்படி' எனப்படும் வியாக்கியானம் சொல்லப்படும்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் நிகழும் முத்துக்குறி இதன் சிறந்த வடிவம். திருமங்கையாழ்வாரின் திருநெடுந்தாண்டகப் பாசுரம் ஒன்று இதற்கு அடிப்படை. காதலால் மெலிந்த மகள், கவலையுறும் தாய், முத்துகளைப் பரப்பிக் குறி சொல்லும் கட்டுவிச்சி ஆகிய மூவரையும் ஆணாகிய அரையர் ஒருவரே நிகழ்த்துகிறார். பாத்திரம் மாறும்போது உடை மாறுவதில்லை, ஒப்பனை மாறுவதில்லை. தாயின் துயரைத் தம் முகத்தில் நிறுத்திக் காட்டி அவையை அழவைப்பது அவர் நோக்கமன்று. சொல்லை முறை தவறாமல் அளிப்பதே அவர் கடமை. கேட்போர் அச்சொல்லைக் கொண்டு தாயையும் மகளையும் தம்முள் ஆக்கிக்கொள்கின்றனர்.

அரையரிடம் அபிநயம் உண்டு என்பதனால் அவரைப் பிரெஸ்ஸோனின் மாந்தரோடு முற்றும் ஒன்றெனக் கூற இயலாது. அவருடைய அபிநயம் வரையறுக்கப்பட்ட குறிப்பு. தனிமனித உணர்ச்சிப் பெருக்கன்று. ஒப்பீடு இவ்வளவில்தான் நிற்கிறது.

4. பிரெஸ்ஸோனின் முறை

ஓவியராகத் தொடங்கிய பிரெஸ்ஸோன் இரண்டாம் உலகப் போரில் சிறைப்பட்டு மீண்டவர். முதல் இரு படங்களில் தொழில்முறை நடிகர்களையும் சிறந்த எழுத்தாளர்களின் உரையாடல்களையும் பயன்படுத்தினார். 'பாவத்தின் தேவதைகள்' (1943) படத்துக்கு ழான் ஜிரோதூவும் 'புலோன் வனத்துச் சீமாட்டிகள்' (1945) படத்துக்கு ழான் கொக்தோவும் உரையாடல் எழுதினர். அதன்பின் நடிகர்களைக் கைவிட்டு, நடித்துப் பழகாதவர்களைத் தேர்ந்து, அவர்களை 'மாதிரிகள்' என அழைத்தார். ஒரே வரியைப் பலமுறை சொல்லவைத்து, பேசுபவரின் நோக்கம் அச்சொல்லிலிருந்து நீங்கும்வரை பயிற்றுவித்தார். 1975இல் வெளிவந்த அவருடைய குறிப்புநூல் இக்கொள்கையை விளக்குகிறது. நாடகத்தைப் படம்பிடிப்பதை 'சினிமா' என்றும், காட்சியையும் ஓசையையும் கொண்டு எழுதுவதைச் 'சினிமாட்டோகிராஃப்' என்றும் அவர் வேறுபடுத்தினார். கண்ணுக்கும் செவிக்கும் ஒரே செய்தியைத் தருவதை அவர் தவிர்த்தார்.

5. தரவரிசை

மேற்கூறிய அளவுகோலின்படி அமையும் வரிசை வருமாறு:

1. ஓ அசார் பல்தசார் (1966)
2. மரண தண்டனைக் கைதி தப்பிவிட்டான் (1956)
3. முஷெத் (1967)
4. பணம் (1983)
5. நாட்டுப்புறப் பாதிரியாரின் நாட்குறிப்பு (1951)
6. ஏரியின் லான்சலாட் (1974)
7. ஜோன் ஆஃப் ஆர்க்கின் விசாரணை (1962)
8. பிக்பாக்கெட் (1959)
9. ஒரு மென்மையான பெண் (1969)
10. கனவு காண்பவனின் நான்கு இரவுகள் (1971)
11. ஒருவேளை சாத்தான் (1977)
12. புலோன் வனத்துச் சீமாட்டிகள் (1945)
13. பாவத்தின் தேவதைகள் (1943)

இவ்வரிசையைக் கீழிருந்து மேலாக விளக்குவது பிரெஸ்ஸோனின் முறை படிப்படியாக உருவானதைக் காண உதவும்.

5.1 கடைநிலைப் படங்கள்

முதல் இரு படங்களும் தம்மளவில் சிறந்தவையே. 'புலோன் வனத்துச் சீமாட்டிகள்' படத்தில் மரியா கசாரேஸின் முகம் பழிவாங்கும் உணர்ச்சியை முழுமையாகக் காட்டிவிடுகிறது. காண்போர் அதனை வியக்கின்றனர். அவர்கள் நிரப்புவதற்கு எச்சம் ஏதும் இல்லை. 'ஒருவேளை சாத்தான்' சுற்றுச்சூழல் அழிவின் ஆவணக் காட்சிகளை இளைஞர்களின் விவாதத்தோடு இணைக்கிறது. பொருள் பெரிது, எனினும் கூறவேண்டியதைப் பாத்திரங்களே கூறிவிடுகின்றன. தஸ்தயேவ்ஸ்கியின் கதைகளைத் தழுவிய 1969, 1971ஆம் ஆண்டுப் படங்களுள் முன்னது மேலிடம் பெறக் காரணம் அதன் தொடக்கம். மாடி முகப்பில் ஒரு மேசை சாய்கிறது. காற்றில் ஒரு மேலாடை மிதந்து இறங்குகிறது. பெண்ணின் தற்கொலை இவ்வளவில் கூறி முடிக்கப்படுகிறது.

5.2 'பிக்பாக்கெட்' இறங்குவது ஏன்?

பலரும் முதல் மூன்றனுள் வைக்கும் 'பிக்பாக்கெட்' இங்கு எட்டாம் இடம் பெறுவதற்கு விளக்கம் தேவை. தொடர்வண்டி நிலையத்தில் பணப்பைகள் கைமாறும் காட்சித்தொடர் உலகத் திரைப்படத்தின் அரிய சாதனைகளுள் ஒன்று என்பதில் ஐயமில்லை. ஆனால் மிஷெல் சிறைக் கம்பிகளின் வழியே ழானைத் தழுவும் இறுதிக் காட்சியில், தான் கடந்துவந்த வழியின் பொருளைத் தன் வாயாலேயே கூறிவிடுகிறான். அதுவரை காண்போரிடம் விடப்பட்டிருந்தது அவ்விடத்தில் திரும்பப் பெறப்படுகிறது. குறிஞ்சிப் பாடலின் உள்ளுறையைத் தலைவியே விளக்கிவிட்டாற்போன்ற நிலை அது.

'ஜோன் ஆஃப் ஆர்க்கின் விசாரணை' வரலாற்று விசாரணைப் பதிவுகளின் சொற்களைப் பின்பற்றுகிறது. அழிந்த உடல் காட்டப்படாமல், எரிந்த கம்பமும் தொங்கும் சங்கிலியும் மட்டும் எஞ்சும் முடிவு எச்சத்துக்குத் தக்க எடுத்துக்காட்டு. 'லான்சலாட்' படத்தின் போட்டிக் களத்தில் வீரர்களின் முகங்களுக்கு மாறாகக் குதிரைக் கால்களும் ஈட்டிகளும் கொடிகளும் காட்டப்படுகின்றன. வீரயுகத்தின் பெருமிதம், இரும்புக் கவசங்களின் உராய்வு ஓசையாகக் குறுகிவிடுகிறது.

5.3 மும்முறை கூறல்: 'நாட்குறிப்பு'

பெர்னனோஸின் புதினத்தைத் தழுவிய 1951ஆம் ஆண்டுப் படத்தில், இளம் பாதிரியாரின் கை நாட்குறிப்பை எழுதுவது காட்டப்படுகிறது. அவர் குரல் அதனைப் படிக்கிறது. பின் அந்நிகழ்ச்சி நடக்கிறது. ஷ்ரேடர் இதனை 'இரட்டிப்பு' என விளக்கினார். ஒன்றையே மீண்டும் கூறுவது சிக்கனத்துக்கு முரணன்றோ என்னும் ஐயம் இங்கு எழும்.

அரையர் சேவை இவ்வையத்தைத் தீர்க்கிறது. இசை, அபிநயம், வியாக்கியானம் என ஒரு பாசுரம் மும்முறை வரும்போது அவை ஒன்றையொன்று மிகைப்படுத்துவதில்லை. ஒவ்வொரு முறையும் அடுத்து வருவது என்ன என்னும் ஆவல் குறைகிறது. சொல்லின் ஆழம் பற்றிய கவனம் கூடுகிறது. பாதிரியாரின் நாட்குறிப்பும் அவ்வாறே செயற்படுகிறது. நிகழ்ச்சி முன்னரே எழுத்தாகவும் குரலாகவும் வந்துவிட்டமையால், அது நடக்கும்போது காண்போர் கதையைத் தேடுவதில்லை. நோயுற்ற அம்மனிதரின் தனிமையை உணர்கின்றனர். எனினும் குளோத் லேதுவின் முகம் சில இடங்களில் துயரைத் தானே சுமக்கிறது. அதனால் இப்படம் ஐந்தாம் இடத்தில் நிற்கிறது.

5.4 பொருள்களின் வழி: 'பணம்'

தல்ஸ்தோயின் 'போலிச் சீட்டு' கதையைத் தழுவிய இறுதிப் படம், ஒரு கள்ளப் பணத்தாள் எரிபொருள் வழங்கும் தொழிலாளி ஒருவனைக் கொலைகாரனாக்கும் வரலாறு. கொலைகள் நேரடியாகக் காட்டப்படுவதில்லை. வீட்டின் படிகளில் மேலும் கீழும் ஓடிப் பதறும் நாயைக் கொண்டே காண்போர் நிகழ்ந்ததை அறிகின்றனர். ஒரு மூதாட்டி அறையப்படும்போது அடி காட்டப்படவில்லை. அவர் கையில் உள்ள கோப்பையிலிருந்து காப்பி தளும்புவது காட்டப்படுகிறது. உரைகாரர் கூறும் விறல் இங்கு மனித உடலிலிருந்து பொருள்களுக்கும் விலங்குக்கும் இடம்பெயர்கிறது. 1983 கான் விழாவில் இப்படம் தர்க்கோவ்ஸ்கியின் படத்தோடு ஒரு சிறப்புப் பரிசைப் பகிர்ந்துகொண்டது.

5.5 'முஷெத்'

வறுமையிலும் இழிவிலும் வாழும் சிறுமி முஷெத் இறுதியில் குளக்கரைச் சரிவில் உருள்கிறாள். மும்முறை உருண்ட பின் நீரின் ஓசை கேட்கிறது. நீர்ப்பரப்பில் வட்டங்கள் எஞ்சுகின்றன. மொந்தவெர்தியின் இசை எழுகிறது. விளையாட்டா, முடிவா என்று அறிய இயலாத முதல் உருளலிலிருந்து மூன்றாம் உருளல்வரை காண்போர் உள்ளத்தில் எழும் அச்சம் அவள் முகத்தில் இல்லை. பழைய உரை எழுப்பிய தடைக்கு இக்காட்சி ஒரு விடை. அஞ்சாதவளைக் காண்பவனுக்கும் அச்சம் பிறக்கும். அவள் அறியாத ஒன்றை அவன் அறிந்திருந்தால் போதும்.

5.6 கையும் ஓசையும்: 'மரண தண்டனைக் கைதி'

ஆந்திரே தெவிஞியின் தன்வரலாற்றை அடியொற்றிய இப்படம் லியோன் நகர மோந்த்லூக் சிறையிலிருந்து ஒருவன் தப்புவதைக் கூறுகிறது. 1957 கான் விழாவில் பிரெஸ்ஸோனுக்குச் சிறந்த இயக்குநர் விருது கிடைத்தது. முடிவைத் தலைப்பே கூறிவிடுகிறது. பாசுரத்தை முன்னரே அறிந்தவர் அவையில் அமர்ந்து அதனை மீண்டும் கேட்பது போன்ற நிலைக்குக் காண்போர் தொடக்கத்திலேயே கொண்டுவரப்படுகின்றனர். கவனம் முழுவதும் 'எவ்வாறு' என்பதில் குவிகிறது. கரண்டியைக் கூராக்குதல், கதவுப் பலகையின் இணைப்பை நாள்தோறும் சிறிது சிறிதாக அறுத்தல், போர்வைத் துணியையும் கட்டில் கம்பியையும் முறுக்கிக் கயிறாக்குதல் ஆகிய கைவினைகளே படத்தின் பெரும்பகுதி.

இவ்விடத்தில் ராஜபாளையம் வட்டாரத்தின் தொழிலறிவு துணைசெய்கிறது. 1936இல் ராஜபாளையம் மில்ஸ் தொடங்கப்பட்டதிலிருந்து நூற்பு அவ்வூரின் வாழ்வாகியது. அதனை அடுத்த சத்திரப்பட்டி, மருத்துவமனைகளுக்கான பேண்டேஜ் துணி நெசவுக்குப் பெயர்பெற்றது. ஆலைச் சங்கால் பொழுதறிவதும் தறியோசை மாறுவதைக் கொண்டே இழை அறுந்ததை உணர்வதும் இத்தகைய தொழிலூர்களின் செவியறிவு. சிறைவாசி ஃபொந்தேனும் அவ்வாறே வாழ்கிறான். சாவிக்கொத்து படிக்கம்பிகளில் உரசும் ஓசை காவலன் வருகை. தொடர்வண்டியின் இரைச்சல் கூரைமேல் நடப்பதற்குரிய மறைவு. இனங்காண இயலாத ஒரு கிறீச்சொலி, சுற்றிவரும் மிதிவண்டிக் காவலன். கண்ணுக்கு எட்டாததைச் செவி தருகிறது. உழைக்கும் கையை நோக்கும் இப்படத்தின் பார்வை, சிக்கனம் என்பது துறவிகளின் ஒழுக்கம் மட்டுமன்று, தொழிலாளரின் ஒழுக்கமும் ஆகும் என்பதை உணர்த்துகிறது. பிரெஸ்ஸோனை இறையியல் வழியே மட்டும் படிப்போர் தவறவிடுவது இதனையே.

5.7 'பல்தசார்': மெய்ப்பாடு முற்றும் காண்போரிடம்

முதலிடம் பெறும் படத்தின் தலைமை மாந்தர் ஒரு கழுதை. குழந்தைகளால் பெயரிடப்பட்டு, பல உரிமையாளர்களிடம் கைமாறி, சுமந்து, அடிபட்டு, இறுதியில் கடத்தல்காரர்களின் சுமையோடு மலைச்சரிவில் சுடப்பட்டு, ஆட்டு மந்தையின் நடுவே அது இறக்கிறது. அதனை வளர்த்த மாரியின் வாழ்வும் இணையாகச் சிதைகிறது. கழுதைக்குச் சொல் இல்லை, முகபாவம் இல்லை. பிரெஸ்ஸோன் தம் மாதிரிகளிடம் தேடிய நோக்கமற்ற நிலை அதனிடம் இயல்பாகவே உள்ளது. வட்டரங்கக் காட்சியில் புலி, பனிக்கரடி, குரங்கு, யானை ஆகியவற்றைப் பல்தசார் ஒவ்வொன்றாக நோக்குகிறது; அவையும் அதனை நோக்குகின்றன. அப்பார்வைகளின் பொருள் திரையில் எங்கும் இல்லை. அது காண்போரால் மட்டுமே உண்டாக்கப்படுகிறது. முடிவில் ஷூபர்ட்டின் பியானோ இசை ஓய, மந்தையின் மணியோசை மட்டும் எஞ்சுகிறது.

இப்படத்தோடு இணைத்துப் பேசப்படும் தமிழ்ப்படம் ஜான் ஆபிரகாமின் 'அக்ரகாரத்தில் கழுதை' (1977). வெங்கட் சாமிநாதன் திரைக்கதை எழுதிய அப்படம் தமிழில் சிறந்த திரைப்படத்துக்கான தேசிய விருதைப் பெற்றது. எனினும் இரு கழுதைகளும் ஒன்றல்ல. சின்னா என்னும் அக்கழுதை ஒரு சமூகத்தின் போலிமையை வெளிப்படுத்தும் அங்கதக் கருவி. இழிக்கப்பட்டுக் கொல்லப்பட்டு, பின் அவ்வூராராலேயே புனிதமாக்கப்படுகிறது. அங்கே எள்ளலின் இலக்கு தெளிவு. பல்தசார் எதனையும் மெய்ப்பிக்கவில்லை. அது வாழ்ந்து இறக்கிறது. பிரெஸ்ஸோனைப் பின்பற்றியது என்று கூறி ஜான் ஆபிரகாமின் தனித்தன்மையைக் குறைப்பது இவ்வேறுபாட்டை மறப்பதாகும்.

6. ஒப்பீட்டின் எல்லை

அரையர் சேவையின் அவை பாசுரத்தை அறிந்த அடியார் கூட்டம். எச்சத்தை நிரப்பும் ஆற்றலை அவர்களுக்கு மரபே தந்துள்ளது. திரையரங்கில் அமர்வோரிடம் அத்தகைய பொதுவறிவு இல்லை. ஆகவே பிரெஸ்ஸோன் அதனைப் படத்துக்குள்ளேயே உருவாக்க வேண்டியவரானார். முடிவை முன்கூறும் தலைப்பு, மீள வரும் செயல், மீள வரும் ஓசை ஆகியவை அதற்கான வழிகள். அவருடைய படங்கள் முதற்பார்வையில் வறட்சியாகத் தோன்றி மறுபார்வையில் நெகிழ்விப்பதற்குக் காரணமும் இதுவே. மறுமுறை காண்பவரே பாசுரம் அறிந்த கேட்பவரின் நிலையை அடைகிறார்.

7. முடிவுரை

பிரெஸ்ஸோனின் சிக்கனம் உணர்ச்சியை விலக்குவதன்று; நிகழ்த்துவோரிடமிருந்து காண்போருக்கு அதனை மாற்றுவது. மெய்ப்பாட்டியல் உரைகளும் எச்சம் என்னும் கருத்தும் இம்மாற்றத்தை விளக்கப் போதுமானவை. இவ்வளவுகோல், 'பல்தசார்' பற்றிய உலக மதிப்பீட்டோடு ஒத்துப்போகிறது. 'பிக்பாக்கெட்' பற்றிய மதிப்பீட்டோடு மாறுபடுகிறது. 'பணம்', 'முஷெத்' ஆகியவற்றை உயர்த்துகிறது. நடிகரின் முகத்தையே உணர்ச்சியின் இருப்பிடமாகக் கொள்ளும் தமிழ்த் திரைப்படத் திறனாய்வு, அவ்வழக்கத்துக்குத் தொன்மையான தமிழ் மரபின் ஒப்புதல் உண்டு என்று கருத இயலாது. குல்லாயும் தாளமும் மட்டும் கொண்டு ஒருவர் மூவராகும் கலை ஸ்ரீவில்லிபுத்தூரில் நிகழ்ந்துகொண்டிருக்கும்வரை, பிரெஸ்ஸோனின் முறையைத் தமிழ் ஆய்வுலகம் அயலானதாகக் கொள்ள வேண்டுவதில்லை.